இணக்கம் கூடிப்போன இசை: யெஸ் குழுவின் ‘மிரர் டு த ஸ்கை’

அரை நூற்றாண்டைக் கடந்த ஒரு ராக் குழு, தன்னைத் தொடங்கியவர்களில் ஒருவர்கூட இல்லாத நிலையில் புதிய ஆல்பம் ஒன்றை வெளியிட்டால், பாட்டைக் கேட்பதற்கு முன்பே பெரும்பாலான ரசிகர்கள் தீர்ப்பை எழுதி முடித்துவிடுகிறார்கள். 1968-இல் லண்டனில் தொடங்கப்பட்ட யெஸ் குழு 2023 மே 19 அன்று வெளியிட்ட ‘மிரர் டு த ஸ்கை’ ஆல்பத்துக்கும் அதுவே நேர்ந்தது. குரலைக் கொடுத்த ஜான் ஆண்டர்சன் 2008-க்குப் பிறகு இந்தக் குழுவில் இல்லை. பேஸ் கிதாரின் மூலம் குழுவுக்கு முதுகெலும்பாக இருந்த கிறிஸ் ஸ்குவயர் 2015 ஜூனில் காலமானார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் டிரம்ஸ் வாசித்த ஆலன் ஒயிட் 2022 மே மாதம் மறைந்தார். இந்த ஆல்பம் அவருக்கே காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது. எஞ்சியிருப்பவர்களில் 1970-களின் பொற்காலத்தோடு தொடர்புடையவர் கிதார் கலைஞர் ஸ்டீவ் ஹௌ மட்டுமே.

ஆல்பத்தைத் தொடர்ந்து பலமுறை கேட்ட பிறகு எனக்குத் தோன்றுவதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். புதிய உறுப்பினர்கள் திறமையில் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். பாடல்களும் பெரும்பாலும் நன்றாகவே அமைந்திருக்கின்றன. ஆனால் ஐந்து பேரும் ஒருவர் சொல்லை ஒருவர் தட்டாமல் வாசிக்கிறார்கள். பழைய யெஸ் அப்படி இருந்ததே இல்லை. இந்த ஆல்பத்தில் எங்கெல்லாம் அந்த மரியாதை சற்றுத் தளர்கிறதோ, அங்கெல்லாம் இசைக்கு உயிர் வருகிறது.

பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு ‘அசல் அணி இல்லாத யெஸ் போலி’ என்று வாதிடுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சற்று வியப்பாக இருக்கும். இந்த நகரம் மூத்த ராக் கலைஞர்களை எந்த நிலையில் சந்தித்தது என்று எண்ணிப் பார்க்கலாம். 2002-இல் அரண்மனை மைதானத்துக்கு ரோஜர் வாட்டர்ஸ் வந்தபோது பிங்க் ஃபிளாய்டின் மற்ற மூவரும் உடன் இல்லை. 2003-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் வந்தபோது பேஸ் வாசித்த பில் வைமன் குழுவைவிட்டு விலகிப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன. 2005-இல் மார்க் நாப்ளர் வந்தார். டயர் ஸ்ட்ரெயிட்ஸ் என்ற குழுவே அப்போது இல்லை. அல்சூர், காக்ஸ் டவுன், பிரேசர் டவுன் பக்கம் வளர்ந்த தமிழ்க் குடும்பங்களில் இளையராஜாவும் இங்கிலிஷ் பாட்டும் ஒரே டேப்ரெக்கார்டரில் மாறி மாறி ஓடிய காலத்தில், இந்தக் குழுக்களின் அசல் அணி என்பது நமக்குக் கேசட் உறையில் அச்சிட்ட பெயர்களாக மட்டுமே இருந்தது. நாம் நேரில் கேட்டதெல்லாம் பிற்காலத்து அணிகளைத்தான். அதற்காக அந்த மாலைகளை யாரும் குறைத்துப் பேசுவதில்லை.

இருந்தாலும் வாதம் ஓய்வதில்லை. எழுபதுகளின் எல்பி தட்டுகளை இன்றும் துடைத்துப் பாதுகாக்கும் காக்ஸ் டவுன் பெரியவர் ஒருவரிடம் இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசியபோது, “ஆண்டர்சன் பாடாத யெஸ்ஸ நான் எதுக்குப்பா கேக்கணும்?” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். “அப்படின்னா ‘டிராமா’ ஆல்பத்த ஏன் சார் வெச்சிருக்கீங்க?” என்று கேட்டேன். அவர் சிரித்தாரே தவிர, பதில் சொல்லவில்லை.

அவர் சிரித்ததற்குக் காரணம் உண்டு. ‘டிராமா’வும் ஆண்டர்சன் பாடாத ஆல்பம்தான். அணி மாறுவது யெஸ் குழுவுக்கு நேர்ந்த விபத்தன்று. அதன் இயல்பே அதுதான். 1969-இல் வெளிவந்த முதல் ஆல்பத்திலிருந்து 2014-இன் ‘ஹெவன் அண்ட் எர்த்’ வரை எல்லா ஸ்டுடியோ ஆல்பங்களிலும் வாசித்தவர் ஸ்குவயர் ஒருவரே. 1970-இல் கிதார் கலைஞர் மாறி ஸ்டீவ் ஹௌ வந்தார். 1971-இல் கீபோர்டு கலைஞர் மாறி ரிக் வேக்மன் வந்தார். அந்த அணி செய்த ‘ஃபிராஜைல்’, ‘க்ளோஸ் டு த எட்ஜ்’ ஆகிய இரண்டு ஆல்பங்களைத்தான் இன்று பலரும் அசல் யெஸ் என்கிறார்கள். ஆண்டர்சனும் ஸ்குவயரும் டிரம்ஸ் கலைஞர் பில் புரூஃபோர்டும் தவிர மற்ற இருவரும் வந்து சேர்ந்தவர்களே. ‘க்ளோஸ் டு த எட்ஜ்’ பதிவு முடிந்த கையோடு புரூஃபோர்டும் விலகி கிங் கிரிம்சன் குழுவில் சேர்ந்துவிட்டார். அடுத்த சுற்றுப்பயணம் தொடங்க ஒருசில நாள்களே இருந்த நிலையில் ஆலன் ஒயிட் அத்தனை சிக்கலான பாடல்களையும் கற்றுக்கொண்டு மேடையேறினார்.

புரூஃபோர்ட் விலகியதற்கான காரணத்தில்தான் இந்த மதிப்புரையின் மையம் இருக்கிறது. அந்த ஐவரும் ஒரு பாட்டை எழுதி முடிப்பது ஒவ்வொரு வரிக்கும் வழக்காடுவது போன்றது. அது அவரைச் சலிக்க வைத்தது. ஒவ்வொருவருக்கும் தன் வாத்தியமே முன்னால் கேட்க வேண்டும் என்ற பிடிவாதம். ஸ்குவயரின் ரிக்கன்பேக்கர் பேஸ் கிதார், பின்னணியில் அடங்கி ஒலிக்க வேண்டிய வாத்தியம் என்ற எண்ணத்தையே மதிக்காமல், கிதாரோடு மல்லுக்கு நின்றது. புரூஃபோர்ட் எதிர்பார்க்கும் இடத்தில் அடிக்காமல் எதிர்பாராத இடத்தில் அடிப்பார். பதினெட்டு நிமிடங்களுக்கு மேல் ஓடும் ‘க்ளோஸ் டு த எட்ஜ்’ பாடல் துண்டு துண்டாகப் பதிவாகி, ஒலிப்பதிவாளர் எடி ஆஃபோர்டின் கத்தரியாலும் பசைநாடாவாலும் முழுமையடைந்தது. அந்தப் பாட்டின் முதல் சில நிமிடங்களில் ஐந்து வாத்தியங்களும் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுவதைக் கேட்டால், அதை ஒத்த கருத்துடைய ஐந்து பேர் எழுதியிருக்க முடியாது என்பது விளங்கும்.

1980-இன் ‘டிராமா’ இன்னொரு சான்று. ஆண்டர்சனும் வேக்மனும் விலகியபின், ‘வீடியோ கில்ட் த ரேடியோ ஸ்டார்’ என்ற பாப் பாட்டால் புகழ்பெற்றிருந்த டிரெவர் ஹார்னும் ஜெஃப் டவுன்ஸும் குழுவுக்குள் கொண்டுவரப்பட்டார்கள். எண்ணெயும் தண்ணீரும் போன்ற சேர்க்கை அது என்று அன்று பலர் கருதினார்கள். மேடையில் ஆண்டர்சனின் உயர்ந்த சுருதிப் பாடல்களைப் பாட ஹார்ன் திணறியதும் உண்மை. சுற்றுப்பயணத்துக்குப் பிறகு குழுவே கலைந்தது. ஆனால் ‘மெஷின் மெசையா’ பாடலின் கனத்த கிதாரையும் ‘டெம்பஸ் ஃப்யூஜிட்’ பாடலின் பேஸ் ஓட்டத்தையும் கேட்டவர்கள், இரு வேறு உலகத்தவர்கள் மோதியதில் பிறந்த சூட்டை உணர்ந்திருப்பார்கள். ஆண்டர்சன் இல்லாத யெஸ் என்ற கேள்விக்கு அந்த ஆல்பம் அன்றே பதில் சொல்லிவிட்டது.

இப்போதைய அணி அப்படி மோதிச் சேர்ந்ததன்று. ஒவ்வொருவராக, காலியான நாற்காலியில் பொருந்தி அமர்ந்தவர்கள். பில்லி ஷெர்வுட் 1990-களிலேயே குழுவில் இருந்தவர், ஸ்குவயரின் நெருங்கிய நண்பர். தனக்குப் பின் பேஸ் வாசிக்க அவரையே ஸ்குவயர் கேட்டுக்கொண்டார். 2012-இல் சேர்ந்த பாடகர் ஜான் டேவிசன் அதற்கு முன் யெஸ் பாடல்களை மட்டுமே மேடையில் பாடும் ஒரு குழுவில் பாடியவர். கிளாஸ் ஹாமர் என்ற அமெரிக்க புரோகிரசிவ் ராக் குழுவிலும் இருந்தவர். ஜே ஷெலன், ஒயிட்டின் உடல்நலம் குன்றிய ஆண்டுகளில் மேடையில் அவருக்குத் துணையாக வாசித்து, அவர் மறைந்தபின் 2023-இல் முழு உறுப்பினரானார். டவுன்ஸ் 2011 முதல் மீண்டும் கீபோர்டில் இருக்கிறார். அவரும் ஹௌவும் எண்பதுகளில் ஏஷியா குழுவைத் தொடங்கியவர்களில் இருவர். நாற்பது ஆண்டுப் பழக்கம் என்பது இசையில் ஒரு வரம்தான். ஆனால் அடுத்தவர் என்ன செய்வார் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுவது அதன் மறுபக்கம்.

இவர்கள் எல்லோருக்கும் மூத்தவர் 1947-இல் பிறந்த ஹௌ. 2021-இன் ‘தி க்வெஸ்ட்’ ஆல்பத்தைப் போலவே இதையும் அவரே தயாரித்திருக்கிறார். பாடல்களில் பெரும்பகுதியில் அவருடைய கை இருக்கிறது. மற்ற நால்வரும் அவருடைய இசையைச் சிறு வயதிலிருந்தே போற்றியவர்களோ, பல்லாண்டு அவரோடு பணியாற்றியவர்களோ ஆவர். இந்த அமைப்பில் யார் அவரிடம் ‘இந்த இடம் வேண்டாம், மாற்றலாம்’ என்று சொல்வது? சொன்னார்களா இல்லையா என்பது ஸ்டுடியோவுக்குள் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்; ஒலியில் கேட்பது, சொல்லவில்லை என்பதுபோல் இருக்கிறது.

முதல் பாடலான ‘கட் ஃப்ரம் த ஸ்டார்ஸ்’ மட்டும் இந்தக் குற்றச்சாட்டுக்கு விதிவிலக்கு. ஐந்தரை நிமிடங்களுக்குள் முடிந்துவிடும் இப்பாடலில் வயலின்களின் துள்ளலுக்கு அடியில் ஷெர்வுட்டின் பேஸ் நிலைகொள்ளாமல் ஓடுகிறது. ஸ்குவயரின் கூர்மையான, சற்றே உறுமும் தொனியை அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் அந்தத் தொனியில் பேசும் சொற்கள் அவருடையவை. டேவிசனின் மெட்டு நீண்டு மிதக்க, பேஸ் அதைத் துரத்த, கிதார் இரண்டுக்கும் நடுவே குறுக்கே பாய்கிறது. கிதாருக்கு இங்கே இடம் குறைவு என்பதாலேயே ஹௌ கொடுக்கும் ஒவ்வொரு சிறு வரியும் கூர்மையாக விழுகிறது. ஒரு குழு தன் பெயரைத் தக்கவைத்துக்கொள்ள இப்படி ஒரு பாட்டு போதும் என்றுகூட எனக்குத் தோன்றியது. அதன் பிறகு வரும் பாடல்கள் அந்த வேகத்தைத் தொடரவில்லை என்பதுதான் வருத்தம்.

‘ஆல் கனெக்டட்’, ‘லூமினாசிட்டி’ ஆகிய இரண்டும் ஏறக்குறைய ஒன்பது நிமிடப் பாடல்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தது நல்ல முடிவாகப் படவில்லை. ‘ஆல் கனெக்டட்’ பாடலில் ஹௌவின் ஸ்டீல் கிதார் வழுக்கிக்கொண்டு வரும் இடம் அழகு. எழுபதுகளில் அவர் அந்த வாத்தியத்தில் செய்த சாகசங்களை நினைவூட்டினாலும் நகலெடுக்கவில்லை. ஆனால் பாட்டின் பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றனவே தவிர, ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கவில்லை. நீளமான பாடலை எழுதுவது இக்குழுவின் அடையாளம் என்பது உண்மைதான். நீளம் என்பது தேவை முற்றும்போது தானாக வர வேண்டியது. ‘லூமினாசிட்டி’ இறுதியில் ஆர்க்கெஸ்ட்ரா எனும் பெரிய வாத்தியக் குழுவோடு எழும் பகுதியால் பிழைத்துக்கொள்கிறது. ‘லிவிங் அவுட் தெயர் டிரீம்’ கேட்க இதமான, கேட்டு முடித்ததும் நழுவிவிடும் பாடல். அதைப் பற்றி அதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை.

ஆல்பத்தின் பெயரையே தாங்கிய பாடல் பதினான்கு நிமிடங்களை நெருங்குகிறது. இதுவே இப்பதிப்பின் மையம், இதைத்தான் ரசிகர்கள் அதிகம் விவாதிக்கிறார்கள், எனக்கும் இதில்தான் மிகுந்த நிறைவும் மிகுந்த ஏமாற்றமும் ஒருங்கே கிடைத்தன. கிதாரில் தொடங்கி, குரல் வந்தபின் மெல்ல விரிந்து, நடுவில் வாத்தியக் குழுவுக்கு வழிவிட்டு, மீண்டும் கிதாரில் வந்து சேரும் பாடல் இது. ஹௌவின் வாசிப்பில் வயது தெரிகிறது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. இளமையில் அவருடைய கிதார் மூச்சுவிடாமல் ஸ்வரங்களைக் கொட்டும். இப்போது ஒரு ஸ்வரத்தை நிறுத்தி, அது அடங்கும்வரை காத்திருந்து, அடுத்ததைத் தொடுகிறார். ராக் இசையில் எழுபத்தைந்து வயதைக் கடந்தவர் ஒருவர் இவ்வளவு தெளிவாக வாசிப்பதைக் கேட்பதே அரிய அனுபவம். வாத்தியக் குழுவின் பகுதியை எழுதியவர் பால் கே. ஜாய்ஸ், வாசித்தது வடக்கு மாசிடோனியாவைச் சேர்ந்த ஃபேம்ஸ் குழு. ராக் ஆல்பங்களில் வயலின்களைப் பெரும்பாலும் மெட்டுக்கு மேல் பூசும் மெருகாகவே பயன்படுத்துவார்கள். இங்கே அவை சில இடங்களில் குழுவைக் கேள்வி கேட்கின்றன, குழு பதில் சொல்கிறது. அந்த உரையாடல் நடக்கும் நிமிடங்களில் பாட்டு நிமிர்ந்து நிற்கிறது.

ஏமாற்றம் டிரம்ஸில். ஷெலன் தாளம் தவறாதவர், கை சுத்தமானவர். ஆனால் கச்சேரியில் பாடகரின் பின்னாலேயே அடக்கமாக வரும் மிருதங்கத்துக்கும், நிரவலின் நடுவே பாடகரைச் சீண்டி வேறொரு கணக்குக்கு இழுக்கும் மிருதங்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறிவோம். ஷெலன் இந்த ஆல்பம் முழுவதும் முதல் வகையாகவே இருக்கிறார். பதினான்கு நிமிடப் பாட்டில் ஒரே ஓர் இடத்திலாவது டிரம்ஸ் குறுக்கிட்டு, ‘இது போதும், இனி வேறு திசை’ என்று சொல்லியிருந்தால், இறுதியில் வரும் கிதார் பகுதி இன்னும் உயர்ந்திருக்கும். ஒயிட் தன் காலத்தில் அதைச் செய்தார். 1974-இன் ‘ரிலேயர்’ ஆல்பத்தில் ‘தி கேட்ஸ் ஆஃப் டிலிரியம்’ பாடலின் போர்க்களப் பகுதியில் அவர் எழுப்பும் இரைச்சலைக் கேட்டவர்கள் நான் சொல்வதை ஏற்பார்கள்.

இதில் ஒலிக்கலவைக்கும் பங்குண்டு. கிதாரும் குரலும் முன்னே நிற்க, டிரம்ஸ் ஓரடி பின்னே தள்ளப்பட்டிருக்கிறது. அவுட்டர் ரிங் ரோடு நெரிசலில், கார் ஸ்பீக்கரில் கேட்டால் தாளம் எங்கோ அடுத்த வண்டியிலிருந்து வருவதுபோல் ஒலிக்கிறது. வீட்டில் நல்ல ஹெட்போனில் கேட்டபோதுதான் ஷெலன் சிம்பல்களில் செய்திருக்கும் நுணுக்கமான வேலைகள் காதில் விழுந்தன. இந்த ஆல்பத்தைச் செல்போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுக் கருத்துச் சொல்பவர்களை நான் பொருட்படுத்த மாட்டேன். ஆனாலும், நல்ல கருவி இருந்தால்தான் டிரம்ஸ் கேட்கும் என்பது ஒரு ராக் ஆல்பத்துக்குப் பெருமை சேர்க்கும் செய்தி ஆகாது.

டேவிசனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யெஸ் பாடகர் என்ற பதவியில் இருப்பவருக்கு இரண்டு வசைகள் காத்திருக்கும். ஆண்டர்சனைப்போல் பாடினால் நகல் என்பார்கள். மாற்றிப் பாடினால் இது யெஸ்ஸே இல்லை என்பார்கள். டேவிசனின் குரல் இயல்பாகவே ஆண்டர்சனின் உயரத்தில் நிற்கிறது. ஆண்டர்சனின் குரலில் இருந்த ஒரு மெல்லிய கரகரப்பு, சொற்களை மந்திரம்போல் எறியும் அந்தத் துணிச்சல், டேவிசனிடம் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு தூய்மையும் சொல் தெளிவும் இருக்கின்றன. முதல் தட்டின் இறுதிப் பாடலான ‘சர்க்கிள்ஸ் ஆஃப் டைம்’ அவரே எழுதியது. ஐந்து நிமிடம்கூட ஓடாத, ஆடம்பரமில்லாத மென்மையான பாடல். அதில் அவர் யாருடைய நிழலிலும் நிற்கவில்லை. பத்து ஆண்டுகளுக்கு மேல் குழுவில் இருப்பவருக்கு இப்படி முழுப் பொறுப்போடு பாட ஆல்பத்தின் கடைசி ஐந்து நிமிடங்கள்தானா கிடைக்க வேண்டும்?

பாடல் வரிகளில் நட்சத்திரங்கள், ஒளி, காலம், எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் உண்மை என்று வானத்தையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். யெஸ் குழுவுக்கு இது புதிதன்று. 1973-இல் பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் சாத்திரங்களைப் பற்றிய ஓர் அடிக்குறிப்பைப் படித்த ஆண்டர்சன், அதை வைத்து நான்கு பாடல்கள் மட்டுமே கொண்ட இரட்டை எல்பி ஒன்றுக்கு விதை போட்டார். ‘டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’ என்ற அந்த ஆல்பம் வேக்மனுக்குப் பிடிக்காமல் அவர் குழுவைவிட்டே போய்விட்டார். அடிக்குறிப்பு ஒன்று கீபோர்டு கலைஞரை விரட்டிய கதை வேறெங்கும் உண்டா என்று தெரியவில்லை. அந்த ஆல்பத்தை விரும்பாதவர்கள்கூட அதன் பித்தை மறுக்க மாட்டார்கள். ‘மிரர் டு த ஸ்கை’ வரிகளில் நல்ல எண்ணம் இருக்கிறது, அந்தப் பித்து இல்லை. ஆங்கில வரிகளைக் கூர்ந்து கேட்கும் வழக்கமுள்ளவர்களுக்கு இது உறுத்தும். குரலையும் ஒரு வாத்தியமாகக் கேட்பவர்களுக்கு உறுத்தாது.

இனி இரண்டாம் தட்டு. இதில் கூடுதல் பாடல்களாக மூன்று இருக்கின்றன. ‘தி க்வெஸ்ட்’ ஆல்பத்திலும் இதே ஏற்பாடு இருந்தது. அதன் இரண்டாம் தட்டை ஒருமுறை கேட்டால் போதும் என்ற நினைப்பில்தான் இதையும் போட்டேன். ஆனால் எட்டு நிமிடங்களுக்கு மேல் ஓடும் ‘அன்னோன் பிளேஸ்’ பாடல் முதல் தட்டின் பாதிப் பாடல்களைவிட மேலானது. இங்கே டவுன்ஸ் ஒருவழியாக ஆர்கனைத் திறந்துவிடுகிறார். முதல் தட்டு முழுவதும் பின்னணியில் நிறம் பூசிக்கொண்டிருந்தவர், இதில் கிதாரோடு நேருக்கு நேர் நிற்கிறார். பேஸும் துணிந்து முன்னே வருகிறது. வாத்தியக் குழு இல்லாத இடத்தில் ஐவரும் ஒருவரையொருவர் கேட்டாக வேண்டிய கட்டாயம் வருகிறது போலும். இந்தப் பாட்டை முதல் தட்டில் ‘லூமினாசிட்டி’ இருக்கும் இடத்தில் வைத்துக் கேட்டுப் பார்த்தேன். ஆல்பத்தின் நடை உடனே மாறியது. ‘மேஜிக் போஷன்’ பாடலில் பேஸின் குதியாட்டம் ரசிக்கத்தக்கது. ‘ஒன் செகண்ட் இஸ் இனஃப்’ பாடலைத் தவிர்த்தாலும் இழப்பில்லை.

எது முதன்மை, எது கூடுதல் என்று பிரித்த முடிவிலும் நான் முன்பு சொன்ன குறையே தெரிகிறது. பிரம்மாண்டமானதும் இதமானதும் முதல் தட்டுக்குப் போயின; சற்றே முரட்டுத்தனமானது ஓரங்கட்டப்பட்டது. வேறொரு தயாரிப்பாளர், குழுவுக்கு வெளியே நின்று பார்க்கும் ஒருவர், இருந்திருந்தால் வரிசை வேறாக அமைந்திருக்கும் என்று நினைக்கிறேன். 2011-இன் ‘ஃப்ளை ஃப்ரம் ஹியர்’ ஆல்பத்தை டிரெவர் ஹார்ன் தயாரித்தபோது பாடகர் புதியவராக இருந்தும் அந்த ஆல்பம் இறுக்கமாக இருந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். அப்போதும் கிதார் வாசித்தவர் இதே ஹௌதான்.

‘தி க்வெஸ்ட்’ ஆல்பத்தோடு ஒப்பிட்டால் இது ஒரு படி முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. அதில் முதல் பாடலான ‘தி ஐஸ் பிரிட்ஜ்’ முடிந்ததும் ஆல்பம் படுத்துக்கொண்டது. இதில் ஐவரும் சேர்ந்து பழகிவிட்ட நம்பிக்கை தெரிகிறது. நீண்ட பாடல்களைத் தொடவும் துணிந்திருக்கிறார்கள். 2014-இன் ‘ஹெவன் அண்ட் எர்த்’ ஆல்பத்தில் ஸ்குவயர், ஒயிட் இருவரும் இருந்தார்கள். ஆனாலும் அதைவிட இதையே நான் மீண்டும் எடுத்துக் கேட்பேன். உறையில் உள்ள பெயர்களை எண்ணி ஆல்பத்தை மதிப்பிடுபவர்கள் இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கலாம்.

வாங்குவது பற்றிச் சில குறிப்புகள். இன்சைட்அவுட் மியூசிக் நிறுவனம் இதைக் குறுந்தகடாகவும் வினைலாகவும், புளூ-ரே சேர்ந்த பெட்டியாகவும் வெளியிட்டிருக்கிறது. பெங்களூரில் வினைல் விற்கும் கடைகள் சில உண்டு என்றாலும் இந்த வகை ஆல்பங்கள் இறக்குமதிச் சரக்காகவே வருகின்றன; விலை கையைக் கடிக்கும், இருப்பும் நிச்சயமில்லை. சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருகிறார்கள். நான் முன்பணம் கட்டிய ஒரு கடையில் பல வாரங்கள் காத்திருந்தபின் கைக்கு வந்த வினைலின் உறை ஒரு மூலையில் நசுங்கியிருந்தது. ரோஜர் டீன் வரைந்த உறை என்பதால் அது சாதாரண இழப்பன்று. எழுபதுகளிலிருந்தே இக்குழுவின் கற்பனை உலகத்துக்கு உருவம் கொடுத்தவர் அவர், பலர் வினைல் வாங்குவதே அந்த ஓவியத்தைப் பெரிய அளவில் பார்ப்பதற்காகத்தான். ஆகவே கடையிலேயே பிரித்துப் பார்த்து வாங்குங்கள். தபாலில் வந்தால் பெட்டியைத் திறக்கும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புளூ-ரே உள்ள பெட்டியை, வீட்டில் சரவுண்ட் ஒலி வசதி இல்லாதவர்கள் வாங்குவதில் பயனில்லை.

யெஸ் இசையை இதுவரை கேட்டிராத இளையவர்கள் இந்த ஆல்பத்திலிருந்து தொடங்க வேண்டாம். ‘ஃபிராஜைல்’ ஆல்பத்தை முதலில் கேட்டுவிட்டு வரட்டும். பழைய ரசிகர்கள் இணையத்தில் ‘கட் ஃப்ரம் த ஸ்டார்ஸ்’, தலைப்புப் பாடல், ‘அன்னோன் பிளேஸ்’ ஆகிய மூன்றையும் இந்த வரிசையிலேயே கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். அந்த மூன்றும் பிடித்தால் இரண்டு குறுந்தகடுகள் உள்ள பதிப்பையே கேட்டு வாங்குங்கள். விலை சற்றுக் குறைகிறதென்று கூடுதல் பாடல்கள் இல்லாத எதையாவது யாரேனும் நீட்டினால் எடுக்காதீர்கள்.